பள்ளிக் கணினி லேபுக்குப் பூட்டுப் போட்ட வேலை

பென்டிரைவைச் செருகினால் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. அதே பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால், "இதுல வைரஸ் இருக்கு, என் சிஸ்டத்துல போடாதே" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆசிரியை என்னிடம் சொன்ன புகார் இவ்வளவுதான்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்து, ஒரு ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அடுத்த பருவத் தேர்வுக்குள் லேப் பழைய நிலைக்கே வந்து நிற்கும் என்பதும் தெரியும். அதனால் டீச்சரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன்: வேலையைப் பிளஸ் ஒன் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். அவர்கள் பாடப்புத்தகத்தில் கணினி நன்னெறி, இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு பாடம் இருக்கிறது. வைரஸ், வோர்ம், ட்ரோஜன், ஃபிஷிங், ஃபயர்வால் என்று கேட்டால் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் தாங்கள் தினமும் உட்காரும் கணினியில் இவற்றில் எது குடியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அதைத்தான் தேடிப் பிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

தொடங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். இதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியிலோ நெட்வொர்க்கிலோ கை வைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். "சும்மா செக் பண்ணிப் பார்த்தேன் சார்" என்று பிறகு சொல்வதில் பயனில்லை. நம்முடையதை, கேட்டுக்கொண்டு, நாமே சோதிக்கிறோம் என்பதை முதல் நாளே பலகையில் எழுதிவைத்தேன்.

ஷார்ட்கட்டுக்குள் என்ன இருக்கிறது

வைரஸ் பிடித்த பென்டிரைவ் ஒன்றை எடுத்தோம். திறந்தால் 'புராஜெக்ட்', 'போட்டோஸ்', 'பயாலஜி நோட்ஸ்' என்று வழக்கமான ஃபோல்டர்கள். ஒவ்வொன்றின் ஐகானிலும் இடது மூலையில் சின்ன அம்புக்குறி. இரட்டைக் கிளிக் செய்தால் ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஒரு மாணவியை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் பார்க்கச் சொன்னேன். 'டார்கெட்' என்ற கட்டத்தில் ஃபோல்டரின் பெயர் வர வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கட்டளை. சிஎம்டி என்ற கட்டளை நிரலைத் திற, அதன் வழியாக ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்டை (விண்டோஸ் நிறைவேற்றும் கட்டளைத் தொகுப்பு, வைரஸே இதுதான்) ஓட்டு, பிறகு மறைத்து வைத்திருக்கும் உண்மையான ஃபோல்டரைத் திற. மூன்றும் ஒரே வரியில். கிளிக் செய்பவருக்கு மூன்றாவது மட்டும்தான் கண்ணில் படும். "அப்போ இவ்வளவு நாளும் நாங்கதான் அதை ஓட்டினோமா சார்?" என்று கேட்டாள். ஆமாம். அதுதான் இந்த வகையின் சாமர்த்தியமே.

இப்படி ஒரு வழி வைரஸ் எழுதுபவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற வோர்ம் (தானாகவே பரவும் தீநிரல்), விண்டோஸின் ஒரு ஓட்டை வழியாகவும் எளிய பாஸ்வேர்ட் வழியாகவும் நெட்வொர்க்கில் பரவியதோடு, பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7-இல் பென்டிரைவுக்கு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் வந்தது. கணினி தானாகத் திறக்காது என்று ஆன பிறகு, மனிதன் கையாலேயே திறக்க வைத்தால்தான் பிழைப்பு ஓடும். அதற்குத் தோதானது ஷார்ட்கட்.

சுத்தம் செய்வதில் வரிசைதான் முக்கியம். பலரும் முதலில் பென்டிரைவைச் சுத்தம் செய்வார்கள். அடுத்த சில நொடிகளில் ஷார்ட்கட்டுகள் திரும்ப முளைத்துவிடும். ஸ்கிரிப்ட் கணினியின் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எந்த பென்டிரைவ் வந்தாலும் அதில் போய் உட்காரும். ஆகவே முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்ற பெயரில் ஓடுவதை நிறுத்த வேண்டும். அடுத்து, எவை தானாக ஓட வேண்டும் என்று விண்டோஸ் குறித்து வைக்கும் இடங்கள்: ஸ்டார்ட்டப் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' பகுதி, டாஸ்க் ஷெட்யூலர். இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில், சில சமயம் மூன்றிலுமே, அது தன்னைப் பதிந்து வைத்திருக்கும். அவற்றை அழித்த பிறகுதான் பென்டிரைவ்.

பென்டிரைவில் ஷார்ட்கட்டுகளையும் விபிஎஸ் ஃபைலையும் நீக்கிவிட்டு, கட்டளைத் திரையில், ஃபைலின் மறைப்புக் குறியை மாற்றும் 'அட்ரிப்' கட்டளையை மைனஸ் எச், மைனஸ் எஸ், மைனஸ் ஆர் என்ற குறிகளோடு, உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். மறைந்திருந்த ஃபைல்கள் வரிசையாக வெளியே வந்தன. தொலைந்துபோனது என்று நினைத்த சென்ற வருடத்து அறிவியல் கண்காட்சிப் படங்கள்கூட அதில் இருந்தன. இதைப் பார்த்ததும் வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலிருந்து பென்டிரைவ் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். அது வேறு கதை.

எல்லாக் கணினிகளிலும் அப்புறம் மூன்று மாற்றங்கள் செய்தோம். ஃபைல் எக்ஸ்டென்ஷன்கள் (பெயரின் கடைசியில் வரும் வகைக் குறி) கண்ணில் தெரியும்படி வைத்தோம், பெயர் 'போட்டோ.ஜேபிஜி' என்று தெரிந்தாலும் அதற்குப் பின்னால் ஓடும் நிரலைக் குறிக்கும் 'இஎக்ஸ்இ' ஒட்டியிருக்கலாம், விண்டோஸ் வழக்கமாக அந்த வாலை மறைத்துவிடும். பள்ளி லேபில் யாருக்கும் விபிஎஸ் தேவையில்லை என்பதால் அதை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டை ரெஜிஸ்ட்ரியில் அணைத்தோம். காலாவதியான ட்ரையல் ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை உயிர்ப்பித்து, ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினோம். காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் மோசம் என்று சொல்லவில்லை. உரிமம் முடிந்த ஆன்டிவைரஸ், ஓரத்தில் பச்சை டிக்கைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வாசலில் ஒரு லேப்டாப்

பள்ளி அலமாரியில் ஒரு பழைய விலையில்லா மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸோடு, அதற்கு மாற்றான பாஸ் லினக்ஸும் இருக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக், சென்னையில் உருவாக்கியது. அந்தப் பதிப்பு மிகப் பழையதாகிவிட்டதால் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, லேப் வாசலில் மேசை போட்டு வைத்தோம். எந்த பென்டிரைவும் முதலில் இங்கேதான் செருகப்பட வேண்டும்.

லினக்ஸில் விண்டோஸ் ஷார்ட்கட்டை இரட்டைக் கிளிக் செய்தாலும் அது ஓடாது. அதைவிட வசதி, விண்டோஸ் போடும் 'மறைந்த ஃபைல்' குறியை லினக்ஸ் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை. எனவே ஒளிந்திருக்கும் விபிஎஸ், ஷார்ட்கட், உண்மையான ஃபோல்டர் எல்லாம் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆன்டிவைரஸ் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்காமல், எட்டாம் வகுப்புப் பையன்கூடக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறான். இதைக் கவனிக்க இரண்டு பேரை முறை வைத்து நியமித்தார் டீச்சர். ஆசிரியர்களின் பென்டிரைவுக்கும் விலக்கு இல்லை என்பதில் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு.

எல்லாரும் அட்மின்

இத்தனைக்கும் அடிப்படைக் காரணம் வேறொன்று. லேபில் எல்லாக் கணினியும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில், பாஸ்வேர்டே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. உட்காருகிற பிள்ளைக்கு என்ன அதிகாரமோ, அந்தப் பிள்ளை தெரியாமல் ஓட்டும் ஸ்கிரிப்டுக்கும் அதே அதிகாரம். நான் சர்வீஸுக்குப் போகும் இடங்களில், வீடோ கடையோ ஆடிட்டர் ஆபீஸோ, பத்துக்கு ஒன்பது இடத்தில் இதே நிலைதான். ஆன்டிவைரஸ் வாங்க ஆயிரம் ரூபாய் தருவார்கள். காசே ஆகாத இந்த மாற்றத்தைச் சொன்னால் "அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பாஸ்வேர்ட் கேக்குமே" என்பார்கள்.

ஒவ்வொரு கணினியிலும் 'மாணவர்' என்ற பெயரில், அதிகாரம் குறைந்த ஸ்டாண்டர்ட் கணக்கு. அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட் டீச்சரிடம் மட்டும். இந்த ஒன்றைச் செய்ததும் கேம் இன்ஸ்டால் செய்வது நின்றது, பிரவுசரில் கண்ட கண்ட டூல்பார் ஏறுவதும் நின்றது.

விண்டோஸ் அப்டேட்டையும் டேட்டா மிச்சம் பிடிக்க யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். இங்கே பிள்ளைகளுக்கு வான்னாக்ரை என்ற தீநிரலின் கதையைச் சொன்னேன். விண்டோஸில் ஃபைல் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே தீர்வு கொடுத்துவிட்டது. வான்னாக்ரை தாக்கியது மே 12 அன்று. நடுவில் ஏறத்தாழ இரண்டு மாதம். அப்டேட் செய்யாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலரை பிட்காயினில் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது என்பதைக் கேட்டதும், வைரஸுக்கும் வோர்முக்கும் வேறுபாடு என்ன என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பையன் தானாகவே விடை சொன்னான்.

எஸ்எம்பி முதல் பதிப்பை எல்லாவற்றிலும் அணைத்தோம். விண்டோஸ் 7 ஓடிய கிழட்டுக் கணினிகளுக்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. அவற்றை லினக்ஸுக்கு மாற்றினோம். பிளஸ் ஒன்னுக்கு வேண்டிய சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்கு வேண்டிய பைத்தான் இரண்டும் அதில் தாராளமாக ஓடும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், மீதிக் கணினிகளும் இதே வழியில்தான் போயாக வேண்டும்.

ரூட்டரும் 11,000 என்ற எண்ணும்

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க 192.168.1.1 என்று அடித்தோம். பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருந்தது. அதை மாற்றினோம், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தோம், ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தோம். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

நேரம் எடுத்துக்கொண்டது டபிள்யூபிஎஸ் விஷயம். பாஸ்வேர்ட் அடிக்காமல் ஓர் 8 இலக்க எண்ணைக் கொடுத்தே வைஃபையில் சேர உதவும் வசதி அது. எத்தனை எண்ணை முயன்று பார்க்க வேண்டியிருக்கும் என்று கேட்டேன். பத்தின் அடுக்கு எட்டு, 10 கோடி என்றார்கள். கணக்கு சரி. ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, அதை ஊகிக்கத் தேவையில்லை. ஒரு கோடியாகக் குறைந்தது. அடுத்ததுதான் கூத்து: முதல் நான்கு இலக்கம் சரியா என்பதை ரூட்டர் தனியாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு மீதி மூன்று இலக்கத்துக்கு 1,000. பெருக்க வேண்டியதில்லை, கூட்டினால் போதும்: 11,000. இந்த ஓட்டையை 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். பெருக்கல் கூட்டலாக மாறியதில் 10 கோடி எப்படி 11,000 ஆனது என்று கணக்கு வாத்தியாரும் வந்து நின்று பார்த்தார். அந்த வசதியை அணைத்தோம்.

வைஃபை பாஸ்வேர்ட், பள்ளியின் பெயரும் 123-உம். பக்கத்து டீக்கடை வரை எல்லாருக்கும் தெரியும். சின்ன எழுத்து மட்டும் உள்ள 8 எழுத்துக்குச் சுமார் 20,880 கோடி வாய்ப்புகள். 12 எழுத்து என்றால் அதைப்போல 4,56,976 மடங்கு. சிறப்புக் குறிகளைச் சேர்த்துத் திணறுவதைவிட நீளத்தைக் கூட்டுவது நல்லது என்பது இதிலேயே தெரிந்துவிடும். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதச் சொன்னேன். நடிகர் பெயர் கூடாது. அதைச் சொன்னதும் இரண்டு பேர் முகம் வாடியது.

அலுவலகம் உள்ளே, லேப் வெளியே

தேர்வு மதிப்பெண், சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கும் அலுவலகக் கணினியும் லேபும் ஒரே ஸ்விட்சில் (கணினிகளை வயரால் இணைக்கும் பெட்டி) இருந்தன. பிரிக்க வேண்டும். ஒரே பெட்டியைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் வசதியுள்ள ஸ்விட்ச் வாங்கப் பணம் இல்லை. என்னிடம் ஒரு பழைய ரூட்டர் இருந்தது.

இதில் பலர் லேபைத்தான் இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் அடைப்பார்கள், ஆபத்தானதை உள்ளே வைத்துப் பூட்டுவதாக நினைத்துக்கொண்டு. அது தலைகீழ். திண்ணை வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: உள் அறையில் இருப்பவர் கதவைத் திறந்து திண்ணைக்கு வரலாம், திண்ணையில் இருப்பவரால் உள்ளே போக முடியாது. இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினி, முதல் ரூட்டரின் நெட்வொர்க்கில் இருப்பவற்றை எட்ட முடியும். எதிர்த் திசையில் முடியாது. ஆகவே அலுவலகம் இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால், லேப் முதல் ரூட்டரில். இரண்டு பையன்கள், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளையை இரு திசையிலும் அனுப்பிப் பார்த்தார்கள். அலுவலகத்திலிருந்து லேபுக்குப் பதில் வந்தது. லேபிலிருந்து அலுவலகத்துக்கு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. இது முழுமையான பாதுகாப்பு இல்லை, அலுவலகத்தின் இணையப் போக்குவரத்து இன்னமும் லேப் நெட்வொர்க்கைத் தாண்டித்தான் போகிறது. மூன்று ரூட்டரோ விலேனோ வந்தால் அதுவும் சரியாகும்.

அலுவலக ஃபைல்களுக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி. காப்பி முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். எப்போதும் செருகியிருக்கும் பேக்கப்பையும், வான்னாக்ரை போல ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

லேப் பக்கம் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியாக 1.1.1.3 கொடுத்தோம். கிளவுட்ஃபிளேரின் இந்த இலவசச் சேவை, தீநிரல் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் பெயரைத் தேடும் கட்டத்திலேயே தடுத்துவிடும். மாணவர்கள் மொபைல் டேட்டாவுக்குப் போனால் இதற்கு வேலை இல்லை, அது தெரிந்ததுதான்.

ஒட்டுக்கேட்டுப் பார்த்தது

பிள்ளைகள் அதிகம் எதிர்பார்த்தது இந்தச் சோதனையைத்தான். வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள், நெட்வொர்க் கார்டு வழியாகப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டு) பிடித்துக் காட்டும். ஸ்விட்ச் இருக்கும் லேபில் அடுத்த கணினியின் பாக்கெட் சாதாரணமாக நமக்கு வராது, எனவே என் லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கினேன். ஒரு மாணவர் கணினி அதில் சேர்ந்தது. இன்னொரு கணினியில் நாங்களே எழுதிய ஒரு லாகின் பக்கம், பூட்டில்லாத எச்டிடிபியில்.

மாணவர் பொய்ப் பெயரும் பொய்ப் பாஸ்வேர்டும் அடித்து அனுப்பினார். புரொஜெக்டரில், படிவத்தில் அடித்ததை அனுப்பும் 'போஸ்ட்' கோரிக்கைகளை மட்டும் வடிகட்டினேன். அடியில் இருந்த பகுதியில், அவர் அடித்த பாஸ்வேர்ட் எழுத்துக்கு எழுத்து அப்படியே. லேப் அமைதியாகிவிட்டது. பிறகு எச்டிடிபிஎஸ் பூட்டு உள்ள ஒரு பொதுத் தளத்துக்குப் போகச் சொன்னேன். இப்போது உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்துகள். ஆனால் தொடக்க பாக்கெட்டில் தளத்தின் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என்ன பேசினாய் என்று தெரியாது, யாரிடம் பேசினாய் என்று தெரியும்.

"பூட்டுக் குறி இருந்தா நம்பலாமா சார்?" என்று ஒரு கேள்வி. வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்குத்தான் அந்தக் குறி. மறுமுனையில் இருப்பவன் திருடனா இல்லையா என்பதற்கு அது சாட்சி இல்லை. ஏமாற்றிப் பாஸ்வேர்ட் பறிக்கும் ஃபிஷிங் தளங்களும் இலவசமாகச் சான்றிதழ் வாங்கிப் பூட்டை மாட்டிக்கொள்கின்றன.

அதையொட்டி, லேப்டாப் தருகிறோம், உதவித்தொகை தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்குகளைப் படிக்கப் பழக்கினேன். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடி, அங்கிருந்து இடது பக்கம் படி. கடைசியில் முன்புள்ளியோடு '.கவ்.இன்' என்று முடிந்தால் அரசுத் தளம். 'கவ்.இன்' நடுவில் வந்து, அதற்குப் பிறகு வேறு ஏதாவது பெயரில் முடிந்தால் அது அந்த வேறு ஆளின் வீடு. அப்புறம், பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும். இந்த எண்ணைத் தங்கள் அம்மா அப்பா போனில் சேமித்துவிட்டு வரச் சொன்னார் டீச்சர்.

மிச்சம் இருந்தது சிசிடிவி பெட்டி. தலைமை ஆசிரியர் அறையில், பூட்டிய அலமாரிக்குள். ஆனால் நெட்வொர்க் வயர் அதற்குள்ளும் போகிறது, பாஸ்வேர்ட் ஒன்றிலிருந்து ஆறு வரை. இத்தகைய கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரூட்டர்களையும்தான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் பிடித்தது, தொழிற்சாலையில் போட்ட 60-க்கு மேற்பட்ட பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து. அப்படிப் பிடித்த சாதனங்களை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை மூழ்கடித்ததில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. எங்கள் பெட்டியில் பாஸ்வேர்டை மாற்றினோம். தயாரிப்பாளர் தளத்தில் இந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை. மொபைலில் கேமரா பார்க்கும் வசதி வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு ஆசை இருந்தது. வேறு பெட்டி வாங்கும் வரை மானிட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி, வயரைக் கழற்றி ஸ்விட்சில் அந்த போர்ட்டுக்கு டேப் ஒட்டிவிட்டு வந்தோம்.